லயக் காம்பராவும் ஒரு நூதனசாலையே

நூதனசாலை என்றவுடன் நம்முடைய மனக்கண் முன் தோன்றுவது ஒரு பெரிய வெண்ணிற மாளிகை. அதற்குள்ளே கண்ணாடிப் பேழைகளில் முடியும் வாளும் சிம்மாசனமும். கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலைக்குப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவர்கள் முதலில் தேடுவதும் அவற்றையே. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி திறந்து வைக்கப்பெற்ற அம்மாளிகை நம் நாட்டின் பெருமைக்குரிய செல்வங்களுள் ஒன்று. அதில் ஐயமில்லை.

ஆயினும், ஒரு கேள்வி எழாமற் போகாது. அந்த மாளிகை எழுந்த நாளில் இந்தத் தீவின் ஏற்றுமதிச் செல்வத்தில் பெரும்பகுதியை ஈட்டித் தந்தது கோப்பி. அந்தக் கோப்பியை நட்டவரும் பறித்தவரும் சுமந்தவரும் எவர்? அவர்கள் உண்ட தட்டு எங்கே? உடுத்த கம்பளி எங்கே? அவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் பதித்த காகிதம் எங்கே? அரசர்களின் பொருள்களைப் பாதுகாக்கப் பெரிய நூதனசாலைகள் உண்டு. உழைத்தவர்களின் பொருள்களைப் பாதுகாக்கச் சிறிய நூதனசாலைகள் வேண்டும். ஹட்டனைச் சூழ்ந்த இந்த மலைப் பிரதேசத்தில் முப்பது ஆண்டுகளாக ஆசிரியப் பணி செய்துவரும் எனக்கு இந்த எண்ணம் புத்தகத்திலிருந்து வந்ததன்று. நானே செய்த ஒரு பிழையிலிருந்து வந்தது. அப்பிழையைப் பிறகு சொல்கிறேன். முன்னதாக வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கம்பளைக்கு அருகில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டத்தையே மலைநாட்டுப் பெருந்தோட்ட வரலாற்றின் வாயில் என்பர். 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையை வந்தடைந்தது. அன்று மூதாதையர் காடு கடந்து வந்த பாதையைப் பேரப்பிள்ளைகள் தார் வீதியில் நடந்து பார்த்தார்கள். அந்தப் பழைய பாதையிற் பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. கல்லறை இல்லாதபடியாற் பெயரும் இல்லை.

1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டு கழித்து, 1869இல், கோப்பி இலையை ஒரு நோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது, தேயிலை தழைத்தது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் காலத்திலேதான். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே, வந்து போய்க்கொண்டிருந்த மக்கள் குடும்பமாக வந்து தங்கலாயினர். அவர்களுக்காக எழுந்தனவே லயங்கள். 1884ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. மறு ஆண்டு நானுஓயாவை எட்டியது. தேயிலைப் பெட்டி இறங்கும் வழியும் ஆட்கள் ஏறும் வழியும் அதுவேயாயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்லும் நூதனசாலைகள் நம் மலைநாட்டில் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் புதுப்பித்து, 2001ஆம் ஆண்டிலே தேயிலை நூதனசாலையாக்கினார்கள். அங்கே பழைய உருளை யந்திரங்களும் உலர்த்தும் யந்திரங்களும் எஞ்சின்களும் துடைத்துத் துலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ் டெய்லருடன் தொடர்புடைய பொருள்களும் உள. தேயிலை என்பது எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அதனினும் சிறந்த இடம் இல்லை. நானும் பல முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒரு முறை, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி யந்திரங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், அம்மாயியோட கூடை எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அவ்விடம் கம்பளையிலிருந்து றம்பொடைக்குச் செல்லும் மலைப் பாதையில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் அது. அதற்கென மாளிகை ஒன்றும் கட்டப்படவில்லை. நூறாண்டு பழமை வாய்ந்த லயக் காம்பராக்களே அதன் மண்டபங்கள். தொழிலாளர் வீட்டில் வழங்கிய பாத்திரங்கள், வேலைத்தலத்தில் வழங்கிய கருவிகள், பெண்கள் அணிந்த நகைகள், தப்பு முதலான வாத்தியங்கள், பழைய ஆவணங்கள், மலையக எழுத்தாளர்களின் நூல்கள், பத்திரிகைகள் ஆகியவற்றை அங்கே காணலாம். கதவைத் தாண்டும்போது தலையைக் குனிய வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நாம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கும் அந்த அளவை அங்கே உடம்பினால் உணரலாம். ஒரே காம்பராவுக்குள் அடுப்பும் படுக்கையும் பிரசவமும் மரணமும் நிகழ்ந்த வாழ்க்கையை எந்தக் கண்ணாடிப் பேழையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நேயர்களே, ஒரு பொருள் தானாகப் பேசுவதில்லை. அதன் வரலாற்றை அறிந்தவர் அருகில் நின்றாற் பேசும். உதாரணமாகத் தகரத் துண்டை எடுத்துக்கொள்வோம். 1901ஆம் ஆண்டு முதல், தென்னிந்தியாவில் ஆட்சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் சிறிய தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதற்கான அடையாளம் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வில்லையைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்தவருக்கு அது பயணச் சீட்டு. தோட்டத்துக்கோ அது கணக்குச் சீட்டு. கங்காணிக்கு அது கடன் சீட்டு. ஒரு பெருவிரல் அகலத் தகரத்தில் மூவருடைய உறவும் அடங்கிவிட்டது.

அடுத்து 'துண்டு' என்னும் காகிதம். இன்ன கடனைத் தீர்த்தால் இன்ன ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்வார். புதிய துரை பணம் கொடுப்பார். பழைய கடன் தீரும். புதிய கடன் பிறக்கும். ஆட்கள் இடம் மாறுவார்கள். அவர்கள் தலைமேல் இருந்த கடனும் கூடவே மாறும். 1921ஆம் ஆண்டிற் சட்டத்தினால் இம்முறை ஒழிக்கப்பட்டது. இன்று நம் இளைஞர்கள் 'துண்டு' என்றாற் சால்வையை நினைப்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னே தலைமுறைகளின் கண்ணீர் இருந்தது என்பதை, அந்தக் காகிதத்தைக் கண்ணாற் பார்த்தவனே மறவான்.

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது இன்னுமொன்றைச் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதிக்கு முன், விவாகமானவர் ஏழாண்டும் விவாகமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அது. நிரூபிப்பது எதைக் கொண்டு? பிறப்பத்தாட்சிப் பத்திரம் உண்டா? செக்றோலிற் பெயர் சரியாக எழுதப்பட்டுள்ளதா? பிள்ளை பாடசாலையிற் சேர்ந்த பதிவு உண்டா? எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் காகிதம் கேட்கப்பட்டது. லயத்தின் ஒழுகும் கூரைக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் எவர் வீட்டுக் காகிதம் நனையாமல் இருந்ததோ, அவருக்கு வழி பிறந்தது. கறையான் தின்ற வீட்டாருக்கு வழி அடைபட்டது. பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. தொழிலாளரிடம் யாரும் கேட்கவில்லை. ஹட்டன் நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெரும்பாலும் நீங்கிற்று.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன்.

1990களில் நான் ஓர் இளம் ஆசிரியனாக, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தோட்டப் பாடசாலையிற் பணியாற்றினேன். அது ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஒற்றை மண்டபமாக நடந்த பள்ளிக்கூடம். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அதுவும் அரசாங்கப் பாடசாலையாயிற்று. எங்களுக்குப் புதிய கட்டடம் ஒன்று கிடைத்தது. பிள்ளைகளும் பெற்றோரும் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பழைய மண்டபத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. மூலையில் இருந்த மரப்பெட்டி ஒன்றில் பழைய சேர்வு இடாப்புகளும் வரவு இடாப்புகளும் ஒரு சம்பவத்திரட்டுப் புத்தகமும் இருந்தன. ஓரங்கள் கரையானுக்கு இரையாகியிருந்தன. எலியின் நாற்றம் வீசியது. குப்பையோடு குப்பையாக முற்றத்திற் குவித்து நானே தீ வைத்தேன். தடுப்பார் எவருமில்லை. எனக்கும் அதிற் பிழையொன்றும் தோன்றவில்லை. வரலாற்றை ஒரு பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன் நான் என்பதை நேயர்கள் மறந்துவிடலாகாது.

பல ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் நடுத்தர வயதுடைய ஒருவர் நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்து, பழைய பாடசாலையை விசாரித்து, என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தார். அவருடைய தந்தையார் அத்தோட்டத்திற் பிறந்தவர். அங்கே மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 1970களிற் குடும்பத்தோடு தலைமன்னாரிற் கப்பலேறியவர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில் உழைத்து, அங்கேயே காலமானார். "சாகிறதுக்கு முன்னால அப்பா இந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தார், ஐயா. அவர் பேரு ரிஜிஸ்டர்ல இருக்கும்னு சொன்னார். அதை ஒரு படம் பிடிச்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

அவருக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை; உரிமை எதுவும் கேட்கவில்லை. தம் தந்தையின் பெயர் எழுதப்பட்ட ஒரு வரியைக் காண விரும்பினார். அந்த வரியை எரித்தவன் அவர் எதிரே நின்றேன். உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பரவாயில்லை ஐயா, நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டு, பழைய மண்டபம் இருந்த இடத்தின் மண்ணில் ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். எங்கள் பாடசாலையில் இப்போது ஒரு நூதன அலுமாரி இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அந்தக் கைக்குட்டையேயாகும்.

நேயர்களே, நாம் மட்டுமே இப்படிப்பட்ட மக்கள் என்று எண்ண வேண்டாம். 1505இல் நம் கரையில் வந்திறங்கி, 1658 வரை இங்கே கோலோச்சிய போர்த்துக்கேயரின் நாட்டைப் பாருங்கள். அந்நாட்டின் தென்பகுதியில், குவாதியானா ஆற்றங்கரையில், மெர்த்தொலா என்னும் சிற்றூர் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு முதல் அங்கே அகழாய்வு நடத்திய அறிஞர்கள், கிடைத்தவற்றையெல்லாம் தலைநகருக்கு அனுப்பிவிடவில்லை. ஊரையே நூதனசாலையாக்கினார்கள். நகராட்சி மண்டபத்தின் அடித்தளத்தில் உரோமர் காலத்து வீடு; வேறோரிடத்தில் இஸ்லாமியர் காலத்து மட்பாண்டங்கள்; ஒரு கொல்லனின் பட்டறை; ஒரு நெசவுக்கூடம். ஒவ்வொன்றும் சிறியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஊரார் நடமாடும் தெருவே நூதனசாலையின் நடைகூடமாயிற்று.

அதே நகராட்சியின் எல்லைக்குள் சாவோ தொமிங்கோஸ் என்னும் சுரங்கக் கிராமம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1966இற் சுரங்கம் மூடப்படும் வரை ஓர் ஆங்கிலக் கம்பெனியே அதை நடத்தியது. மேலாளருக்கு மாளிகை, தொழிலாளருக்கு வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள். நம் லயத்தைப் பார்த்தவர் அவ்வீட்டைப் பார்த்தாற் கண் கலங்குவார். அவ்வீடுகளுள் ஒன்றைச் 'சுரங்கத் தொழிலாளியின் வீடு' என்று பெயரிட்டு, அக்காலத்தில் இருந்தவாறே காத்து வருகிறார்கள். கடலுக்கு அப்பால், வேற்று மொழி பேசும் மக்கள், ஓல்ட் பீகொக்கில் நம்மவர் செய்ததையே செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பையும் தைரியத்தையும் ஒருங்கே தந்தது.

இன்னொரு செய்தியும் பாடசாலைகளுக்கு ஏற்றது. அந்நாட்டின் செத்தூபல் நகரில், மீன் பதனிடும் பழைய தொழிற்சாலை ஒன்றில் தொழில் நூதனசாலை இருக்கிறது. அதன் மூலச் சேகரிப்பு, நாட்டார் பாடல்களைத் தேடித் திரிந்த மிஷேல் ஜியாக்கொமெத்தி என்பவரின் வழிகாட்டலில், 1975ஆம் ஆண்டு மாணவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று திரட்டிய உழவுக் கருவிகளும் கைத்தொழிற் கருவிகளுமாகும். பாடலைத் தேடியவருக்கே கருவியின் அருமையும் தெரிந்திருக்கிறது. நம்மிடையிலும் அத்தகையவர் ஒருவர் இருந்தார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்திலே தலவாக்கலையின் பிரதிநிதியாக அமர்ந்தவர். அவரே தொழிலாளர் பாடிய பாடல்களைக் கேட்டுத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பாகத் தந்தார். 1984இல் அவர் மறைந்தார். அவர் திரட்டியிராவிடின் அப்பாடல்களிற் பல, பாடியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஹட்டனைச் சுற்றிக் கூரையில்லாத நூதனசாலைகளும் உண்டு. டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம் 1878இற் கட்டப்பட்டது. அதன் முற்றத்திலுள்ள கல்லறைகளில் துரைமாரின் பெயரும் ஊரும் வயதும் தெளிவாகச் செதுக்கப்பட்டுள்ளன. பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய முற்றத்தில், உலகப் புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையார் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்த படங்களிலே தோட்டத் தொழிலாளரும் காணப்படுகின்றனர். அப்படங்கள் இன்று அயல்நாட்டு நூதனசாலைகளில் விலைமதிப்பற்ற பொருள்கள். படம் எடுத்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் நிற்பவர்களின் பெயரோ பெரும்பாலும் எழுதப்படவேயில்லை. கல்லறையைப் பேணியவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் தம்மவரை மறவாதிருந்தார்கள். நாமும் அவ்வாறு செய்ய வேண்டுமென்பதே என் கருத்து.

மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. கடும் வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோவிலின் சிதைவுகள் வெளியே தலைகாட்டும். மக்கள் கூட்டமாகச் சென்று பார்க்கிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள். முதியவர்கள், "இங்கேதான் கடைவீதி, அங்கேதான் பள்ளிவாசல்" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்தச் சில நாட்களில் ஏரியின் சேற்று நிலமே நூதனசாலை. அந்த முதியவர்களே அதன் காப்பாளர்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைப்பார் யார்? தோட்டத்துப் பெரட்டுக்களமும், மாசி மாதத்திற் காமன் கூத்து நடக்கும் திடலும், மாரியம்மன் கோவில் முற்றமும் அத்தகையனவே. ஹட்டனைத் தளமாகக் கொண்டு 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததும், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடைகளிற் பாடித் தொழிலாளரைத் திரட்டியதும் இந்த மண்ணில்தான். அந்த வரலாற்றை நம் நகரத்து இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

இங்கே ஓர் ஆட்சேபணை எழலாம். "லயம் என்பது எங்கள் அவமானத்தின் சின்னம், அதை இடித்துத் தள்ள வேண்டுமேயன்றிப் பாதுகாப்பதா?" என்று ஓர் இளைஞர் பெற்றோர் கூட்டத்தில் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. மலையகத்தில் இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயத்திலே வசிக்கின்றன. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் காணியோடு தனி வீடு பெற்றவர்கள் ஒரு பகுதியினரே. மழையில் ஒழுகும் காம்பராவில் வாழ்பவரிடம் சென்று, உம்முடைய வீடு வரலாற்றுச் சின்னம் என்று சொல்வது கொடுமை. ஆகவே நான் அவருக்குச் சொன்னது இது: எல்லா லயங்களும் போகட்டும், ஒவ்வொரு குடும்பமும் சொந்த மண்ணிற் சொந்த வீடு கட்டிக் குடிபுகட்டும், ஆனால் ஒரு பிரதேசத்துக்கு ஒரு காம்பராவை மட்டும் விட்டு வையுங்கள். எதிலிருந்து எழுந்து வந்தோம் என்பதை நம் பிள்ளைகள் அளந்து பார்க்க அது உதவும். அவர் முழுமையாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறு வாரம் தம் பாட்டனாரின் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தார்.

அந்த அலுமாரியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறி முடிக்கிறேன். அது பெரிய முயற்சியன்று. எந்தப் பாடசாலையும், எந்த வாசிகசாலையும், எந்தக் கோவில் பரிபாலன சபையும் செய்யக்கூடியதே. பொருளைக் கொண்டுவரும் பிள்ளை, அது யாருடையது, எந்தத் தோட்டத்தில், எக்காலத்தில், எதற்காகப் பயன்பட்டது என்பதை வீட்டு முதியவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எழுதாத பொருள் வெறும் பழைய சாமான். பழைய காகிதம் எதையும் வீட்டாரிடமிருந்து நாம் வாங்கி வைப்பதில்லை. கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொண்டு, மூலத்தை ஈரமற்ற உறையிலிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறோம். அது அவர்களுடைய சொத்து. என்றாவது அவர்களுக்கே தேவைப்படலாம். பொருளையும் வாங்கியதாக அன்றி இரவலாகவே எழுதிக்கொள்கிறோம். கேட்டால் மறுநாளே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பாடசாலையின் பழைய இடாப்புகளுக்கு இப்போது ஓர் இரும்பு அலுமாரி உண்டு. அதன் திறப்பு என் மேசையில் இருக்கிறது.

எங்கள் அலுமாரியில் இன்று கொழுந்துக் கூடை ஒன்றிருக்கிறது. ஹந்தானையில் என்னிடம் கேள்வி கேட்ட அதே சிறுமி கொண்டுவந்தது. பக்கத்திலே தலையிற் போடும் கம்பளி, இடுப்பிற் கட்டும் படங்கு, தோல் கிழிந்த ஒரு தப்பு, மூன்று தலைமுறை பழைய தண்டட்டி ஒன்றின் நிழற்படம் (நகையைக் கொடுக்கப் பாட்டி சம்மதிக்கவில்லை, அது சரியே). கூடையின் அருகிலுள்ள அட்டையில் அச்சிறுமியின் கையெழுத்தில் அவளுடைய அம்மாயியின் பெயர், பிறந்த தோட்டம், கொழுந்தெடுத்த ஆண்டுகள் ஆகியன எழுதப்பட்டுள்ளன. அந்த மூதாட்டி ஒரு நாள் பாடசாலைக்கு வந்து, தம் பெயர் அட்டையில் இருப்பதைப் பேத்தி வாசிக்கக் கேட்டார். எழுத்தறியாத அவர் அந்த எழுத்துகளின் மேல் விரலை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். "என் பேரு இவ்வளவு நீளமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நேயர்களே, நீலகிரியிலிருந்து வந்தவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாத ஒரு வரி உண்டு. அதை என்னால் மீட்க இயலாது. உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் இன்னும் எரியாத வரிகள் பல இருக்கக்கூடும். இன்றிரவே அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி வையுங்கள்.